குருசுக்கு முகம் எது?

கடற்கரையில் கட்டப்போகும் குருசடி என்னும் சிறு சிலுவைக் கோயிலின் உச்சியில் நிற்கும் குருசு யார் பக்கம் முகம் காட்ட வேண்டும் என்று கீழத்தெருவும் மேலத்தெருவும் ஆறு மாதமாக முட்டிக்கொண்டிருந்தன. இரண்டு தெருவும் வரைபடத்தில் கையெழுத்துப் போட்டால்தான் அஸ்திவாரமே.

கருங்கல் ஊரில் கம்ப்யூட்டரில் கட்டட வரைபடம் போடும் லிஜாவிடம், காலையில் கீழத்தெருத் தலைவர் மரியதாசன் வந்தார்.

“மக்ளே, குருசு எங்களுக்கு முதுகக் காட்டிட்டுல்லா நிக்கு! திருப்பு.”

திரையில் கோணத்துக்கென்று வைத்திருந்த கட்டத்தில் லிஜா 180 என்று அடித்தாள். “இப்பம் பாருங்க மாமா.”

“ஆங்! இப்பம்தான் முகத்துல ஒரு களை!” கையெழுத்துப் போட்டார்.

மாலையில் மேலத்தெருத் தலைவர் சேவியர் வந்து, தங்கள் பக்கம் திருப்பச் சொன்னார். கட்டத்தில் பூஜ்யம் அடித்தாள். அவர் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு, “இது குருசு!” என்று கையெழுத்திட்டார்.

பக்கத்து மேஜை பிரபின் வாயைப் பிளந்தான். “ஏட்டி, நம்பர மாத்தினாலும் குருசு திரும்ப மாட்டேங்குன்னு ஒரு வாரமா மண்டைய உடைச்சியே, எப்பம் சரியாச்சு?”

“எங்க சரியாச்சு? நம்பர் மட்டுந்தான் மாறுது. குருசு வச்ச எடத்துல வச்சபடியே நிக்கு,” என்றாள் லிஜா. “அதுக்கு முகம் எது, முதுகு எதுன்னு வரைஞ்ச எனக்கே தெரியாது. அவிய ரெண்டுபேரும் கண்ணால பாத்துட்டுப் போறாவ!”