அகலக் கதவுச் சாவி

"சாவியைக் குடுத்துடுங்க டெய்லரக்கா. இனிமே பேசிப் பிரயோஜனம் இல்ல."

காட்டுப் பொறுப்பாளன் கையை நீட்டினான். படித்து முடித்ததும் கிடைத்த முதல் வேலை இது. குடியிருப்புக்காரர்கள் சேர்ந்து வளர்க்கும் சின்னக் காட்டைப் பராமரிக்க வேண்டும். கருவிக் கொட்டகையில் நடக்கும் கூட்டத்துக்குக்கூட மஞ்சள் மேல்சட்டையோடுதான் வந்திருந்தான்.

"இங்க எந்த மரம்ப்பா உன் தலையில விழப்போகுது?" என்று கமிட்டித் தலைவர் அப்போதே கேலி செய்திருந்தார்.

டெய்லரக்கா சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள். பைக்குகள் நுழையாதபடி பூட்டி வைத்திருக்கும் அகலக் கதவின் சாவி அது. அந்தக் கதவு திறந்தால்தான் அவள் மகளின் சக்கர நாற்காலி காட்டுக்குள் போக முடியும்.

மகள் கொட்டகை வாசலிலேயே இருந்தாள். நாற்காலி உள்ளே வரவில்லை.

"நாங்க என்ன தம்பி பண்ணினோம்?"

"நீலக்குருவி கூடு கட்டியிருக்குன்னுதானே பலகைப் பாதையில கயிறு கட்டினேன்? இப்ப முட்டைய அப்படியே போட்டுட்டுக் குருவி போயிடுச்சு. கயித்துக்கிட்ட பார்த்தா உங்க வண்டித் தடம்."

"கயிறு வரைக்கும்தான் போனோம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

தலைவர் கனைத்தார். "பாவம்ப்பா. அந்தப் பொண்ணுக்கு இதை விட்டா வேற போக்கிடம் ஏது?"

"பாவம் பார்த்தா காடு மிஞ்சாது சார். கூட்டுக்கு எதிர்ல கேமரா வச்சிருக்கேன். எது அசைஞ்சாலும் தானாப் படம் எடுக்கும். நான்கூட இன்னும் பார்க்கல. எல்லார் முன்னாடியும் பார்த்துடலாம், அப்புறம் யாரும் மறுத்துப் பேச முடியாது."

மடிக்கணினியைத் திறந்தான். எல்லாரும் நெருங்கி நின்றார்கள்.

முதல் படம். கூட்டில் குருவி. தூரத்தில், கயிற்றுக்கு அந்தப் பக்கம், சக்கர நாற்காலி. அதில் இருந்த பெண் அம்மாவைப் பார்த்து உதட்டில் விரல் வைத்திருந்தாள்.

"பேசாம வான்னு அம்மாவையே அதட்டுறா பாரு," என்று சிரித்தார் தலைவர்.

அடுத்த படம். ஒரு மஞ்சள் சட்டை. குருவி பறந்துகொண்டிருந்தது.

"அது நான்தான் சார். பத்திரமா இருக்கான்னு பார்க்கப் போனேன்."

"பார்க்கணும்ல," என்றார் தலைவர்.

அடுத்த படம். மஞ்சள் சட்டை. கூட்டில் முட்டைகள் மட்டும்.

"அதுவும் நான்தான். யாராவது வந்து தொட்டிருப்பாங்களோன்னு பயம்..."

அடுத்தது. மறைத்திருந்த கிளையை ஒரு கை விலக்கிப் பிடித்திருந்தது. இன்னொரு கையில் போன்.

"யாருப்பா இது?"

"நான்."

அதற்குப் பிறகு வந்த மஞ்சள் சட்டைகளை யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவன் மூடப் போனான்.

"இருக்கட்டும்ப்பா. முழுசாப் பார்த்துடுவோம்," என்றார் தலைவர். இப்போது அவர் சிரிக்கவில்லை.

கடைசிப் படம். குருவி இல்லாத கூடு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் அதே நாற்காலி. அந்தப் பெண் அப்போதும் உதட்டில் விரல் வைத்திருந்தாள்.

சாவி கேட்டு நீட்டிய கையை இப்போது என்ன செய்வதென்று தெரியாமல், அவன் மேல்சட்டையின் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தான். டெய்லரக்கா அவனைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாசலில் இருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது. திட்டப் போகிறாள் என்று நினைத்தான். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"அண்ணா, கயித்துக்கிட்ட இருந்து எனக்குச் சரியாவே தெரியல. நீங்க பக்கத்துல போய்ப் பார்த்தீங்கல்ல... அது நிஜமாவே அவ்ளோ நீலமா?"