மம்தூஹ் பே மெச்சிய முடிவு

"அரபு இலக்கிய உலகுக்கு ஓர் அறிவிப்பு. இன்று மாலை நான்கு மணிக்கு வரலாறு இந்த வீட்டுப் படியேறி வருகிறது. அனைவரும் எழுந்து நிற்கவும்."

அறிவித்தவர் லுத்ஃபி. அனைவரும் என்பது அவர் மனைவி ஸுஹைர். அவள் எழுந்திருக்கவில்லை.

"வரலாறு டீ குடிக்குமா, காப்பி குடிக்குமா?"

"கெய்ரோவிலேர்ந்து தயாரிப்பாளர் மம்தூஹ் பே வர்றார். என் நாவல், ரமலான் மாசம் டி.வி.யில முப்பது எபிசோட். கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. நீ டீங்கறே, காப்பிங்கறே."

"கையெழுத்து ஆகலைன்னா அடுத்த வாரம் எங்க அண்ணன் டைல்ஸ் கடையில நிக்கணும். அதையும் உலகத்துக்கு அறிவிச்சிடு."

லுத்ஃபி பதினெட்டு கொலைக் கதைகள் எழுதியவர். மூன்று படங்களுக்குத் திரைக்கதை எழுதினார். இரண்டு வெளிவரவில்லை, மூன்றாவதும் வராமலே இருந்திருக்கலாம். அலெக்ஸாந்திரியாவில் எந்தப் பதிப்பகமும் சீந்தாததால் 'கருப்பு விளக்கு' என்று தானே ஒன்றைத் தொடங்கினார். அதன் தலைமையகம் சாப்பாட்டு மேஜை. பிழை திருத்துவது, பார்சல் கட்டுவது, அச்சகத்தோடு சண்டை போடுவது மூன்றும் ஸுஹைர். விற்காத புத்தகப் பெட்டிகளை வரிசையாக அடுக்கி, மேலே மெத்தை போட்டு ஸோஃபா ஆக்கியிருந்ததும் அவள்தான்.

நாலரைக்கு வரலாறு மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. லிப்ட் வேலை செய்யவில்லை. மம்தூஹ் பே ஸோஃபாவில் சாய்ந்து, பையிலிருந்து நாவலை எடுத்தார்.

"முதல்ல இதுல ஒரு கையெழுத்து போடுங்க, உஸ்தாத்."

ஸுஹைர் வாங்கினாள். பிழை திருத்துகிறவள் இல்லையா, எந்தப் புத்தகத்தையும் பின்னாலிருந்துதான் புரட்டுவாள். புரட்டினாள். மூடினாள். முதல் பக்கத்தை மட்டும் திறந்து கணவர் முன்னால் வைத்து, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ரயில்ல படிச்சேன். சிதி காபிர் ஸ்டேஷன்ல இறங்க மறந்துட்டேன்," என்றார் மம்தூஹ் பே. "அந்த முடிவு இருக்கே, உஸ்தாத். கதவு திறக்குது. 'நீயா?'ன்னு கேக்கறான். அவ்வளவுதான், கதை முடிஞ்சுது. நாற்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், இப்படி ஒரு துணிச்சலைப் பார்த்ததில்லை."

"அதுக்கப்புறம்..." என்று ஆரம்பித்தார் லுத்ஃபி. மேஜைக்கு அடியில் ஸுஹைரின் குதிகால் அவர் பாதத்தில் இறங்கியது.

"அதுக்கப்புறம் சொல்ல என்ன இருக்கு?" என்றாள் அவள். "இவர் கம்மியாப் பேசற ஆளு."

"அதான் மேடம் எழுத்து. மத்தவங்கள்லாம் கடைசியில எவன் கொன்னான், ஏன் கொன்னான்னு உட்கார்த்திவெச்சுப் பாடம் நடத்துவாங்க. எனக்கு அது ஆகாது. ஒரே நிபந்தனைதான். அந்த 'நீயா'வுக்கு மேல ஒரு வார்த்தை சேர்த்தாலும் ஒப்பந்தம் ரத்து."

லுத்ஃபி மனைவியைப் பார்த்தார். குதிகால் இன்னும் எழவில்லை. மம்தூஹ் பே நீட்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

"டைரக்டருக்கும் நடிகருங்களுக்கும் பத்து பிரதி எடுத்துட்டுப் போறேன்."

லுத்ஃபியின் கை ஸோஃபா மெத்தைப் பக்கம் நீண்டது.

"ஒண்ணுகூட இல்லையே," என்றாள் ஸுஹைர். "அத்தனையும் வித்துப்போச்சு."

எழுநூறு பிரதிகளின் மேல் உட்கார்ந்தபடி மம்தூஹ் பே மரியாதையோடு தலையாட்டினார். "ஆச்சரியமே இல்லை மேடம்."

அவர் போன பிறகு லுத்ஃபி ஸோஃபாவில் விழுந்தார். பாதத்தைத் தடவிக்கொண்டே, "உனக்கென்ன பைத்தியமா? விக்காம கிடக்கற புஸ்தகத்தை இல்லேங்கறே. அந்த ஆள் என்ன முடிவைச் சொல்றார்னும் புரியலை," என்றார்.

"நம்ம புஸ்தகம் எத்தனை பக்கம்?"

"முன்னூத்தி நாலு."

"அவர் கையில இருந்தது இருநூத்தி எண்பத்தெட்டு. நடைபாதையில வாங்கினது."

திருட்டுப் பதிப்புப் போட்டவன், காகிதம் மிச்சமாகட்டும் என்று, கொலைகாரன் யார் என்று லுத்ஃபி சொல்லும் கடைசிப் பதினாறு பக்கங்களை அச்சடிக்கவே இல்லை.