சங்கத்துக்கு ஒரு படம்

அப்பாவின் முதல் நினைவு நாளுக்குத் தெருச் சங்கத்தில் மாட்டப் படம் தேடினார்கள். மில் அடையாள அட்டைக்காக எடுத்ததைப் பார்த்து, "இது யாரு அண்ணி?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"பாத்தியாடி? தலை சீவி நின்னா அவர் யாரோதான்," என்று அம்மா வேறொன்றை நீட்டினாள்.

"ஐயோ, அது நான் விளையாட்டா எடுத்தது. தெருவே சிரிக்கும்!" என்றாள் மகள்.

எதிர்வீட்டுக்காரர் வாங்கிப் பார்த்தார். கண் கலங்கியது. "அண்ணனேதான்! ஷிப்ட் முடிஞ்சு வந்தவர், சாப்பிடாமக்கூட என் காரைப் பாத்தாரே, அன்னைக்கு எடுத்தது."

ஃபிரேம் கடைக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு கால் மட்டும்தானே இருக்கு? ஆள் எங்கம்மா?"

"காருக்கு அடியில," என்றாள் அம்மா. "வேலை முடியாம வெளியே வரமாட்டார். நீங்க கண்ணாடியைப் போடுங்க."