அரைக் கிலோ

காலை வெயில் வார்டின் எடை மெஷின்மேல் விழுந்திருக்கிறது. அதில் ஐந்து வயதுச் சிறுமி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நேற்றைவிட அரைக் கிலோ கூடுதல். "ஏங்க, மருந்து கேட்குதுங்க! கன்னமெல்லாம் புஸ்ஸுன்னு எப்படி உப்பியிருக்கு தெரியுமா?" என்று அம்மா போனில் கணவனிடம் பூரிக்கிறாள். மருந்து கேட்டிருந்தால், பழுதான சிறுநீரகம் உடம்பில் தேக்கிய நீர் வடிந்து எடை இறங்கியிருக்கும். நர்ஸ் குனிந்து, குழந்தையின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை அழுத்தி எடுக்கிறாள். விழுந்த குழி மூடவேயில்லை. "ஐ, என் கால்ல குழி!" என்று குழந்தை தன் சுண்டுவிரலை அதில் வைத்துப் பார்க்கிறாள். "அவரு நம்பவே முடியலைங்கிறாரு சிஸ்டர், நீங்களே உங்க வாயால சொல்லுங்க," என்று அம்மா போனை நீட்டுகிறாள். மறுமுனையில் அப்பா ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருக்கிறார்.