டிவி அணையும் நேரம்

நர்ஸ் வேலை பார்க்கும் மகள் இஸ்லாத்தைத் தழுவி நாலு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அப்பா அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், ஆறு மணிக்கு ஆன்லைனில் குர்ஆன் ஓதக் கற்றுக்கொள்வாள். அவள் "பிஸ்மில்லாஹ்" என்றதும் ஹாலில் அப்பா டிவியைப் பட்டென்று அணைத்துவிட்டு, மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வார். மேட்ச் கடைசி ஓவரில் இருந்தாலும் சரி.

"என் குரலைக் கேட்டாலே அவருக்கு ஆகலைம்மா."

"அவர் பிடிவாதம் தெரிஞ்சதுதானே," என்றாள் அம்மா.

ஒரு நாள் அப்பா வெளியூர் போயிருந்தார். அன்று பார்த்து டீச்சரின் குரல் துண்டு துண்டாக வந்தது. ஓர் எழுத்துகூட விளங்கவில்லை.

ஹாலில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவின் போன் அடித்தது. அம்மா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள்.

"மணி ஆறாச்சு, டிவியை நிறுத்து," என்றார் அப்பா.

"ஏங்க? அவ ஓதறது எனக்கொண்ணும் தொந்தரவா இல்லியே."

"உனக்கில்லடி, அவளுக்கு! நம்ம வீட்டு நெட்டுல டிவியும் ஓடினா டீச்சர் பேசறது விட்டு விட்டுத்தான் கேக்கும். புள்ள தப்பும் தவறுமா கத்துக்கப்போவுது."

"சரி, நிறுத்தறேன்."

"நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிடாத. நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்."