கால் படாத தரை

திருடனின் காலடித் தடத்தை எழுநூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து படம் எடுத்திருந்தார்கள். அந்தப் படத்தை மேஜைமேல் விரித்துவைத்துக்கொண்டு மூன்று விஞ்ஞானிகள் காவல்காரருக்காகக் காத்திருந்தார்கள். ஒரு அம்மா, வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு நெட்டையர், இன்னொரு நாட்டிலிருந்து ஒரு தாடிக்காரர்.

காவல்காரர் செம்மண் வாசலில் செருப்பைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். தட்டின இடத்தில் வெள்ளையாகப் பொடி உதிர்ந்து கிடந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. முன்பின் தெரியாத நாற்காலியை அவர் நம்பமாட்டார். பூட்டைப் பூட்டினால் மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற ஆள். பத்தடி போய்த் திரும்பிவந்து நாலாம் தரமும் இழுப்பார்.

அவர் காவல் காப்பதோ ஒன்றுமே இல்லாத இடத்தை. வேலிக்குள்ளே புல் பூண்டு கிடையாது, வெள்ளைவெளேரென்று உப்புத்தரை. கண் மருத்துவர் சுவரில் மாட்டிவைக்கும் எழுத்துப் பலகை மாதிரி, நாலு நாட்டுச் செயற்கைக்கோள்களும் இதைப் பார்த்துத்தான் தங்கள் பார்வையைச் சரிபார்த்துக்கொள்ளும். அதனால் ஒரு கால்கூட அதில் படக் கூடாது.

ஆறு மாதமாக ஒன்றின் அளவு இன்னொன்றோடு ஒத்துவரவில்லை. "உங்கள் கோளுக்குத்தான் கண்ணில் பூ" என்று ஆளுக்கு ஆள் எழுதி, சம்பந்திச் சண்டை ரேஞ்சுக்குப் போய்விட்டது. கடைசியில் பார்த்தால் தரையில் ஒரு கோடு.

"பெரியவரே, இதைப் பாருங்க. வேலி ஓரத்துலேருந்து ஒத்தையடிப் பாதை. யாரோ தெனமும் நடக்கிறாங்க."

"படத்துல கீறல் விழுந்திருக்கும்மா."

"நாலு நாட்டுப் படத்துலயும் ஒரே எடத்துலயா?"

"கூட்டுச் சேர்ந்து பொய் சொல்ல நாலு பேரு போதாதா?"

அந்த அம்மா அதை மொழிபெயர்த்துச் சொன்னார். தாடிக்காரர் சிரித்தார். நெட்டையர் சிரிக்கவில்லை. நடக்கிற ஆள் யாரென்று இன்றைக்குள் தெரியாவிட்டால் நாலு நாடும் வேறு தரை தேடிக்கொள்ளும் என்றார்.

காவல்காரரின் பிழைப்பே இதுதான். பதினெட்டு வருஷத்து வேலை. அதைவிட, 'காவல் சரியில்லை' என்ற பேர்.

ஜன்னலுக்கு வெளியே அவர் மனைவியின் தம்பி ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான்.

"டேய் மச்சான்! உன் ஆடுதானேடா உள்ள போச்சு?"

"ஏன் மாமா, கோழிக்குஞ்சு நுழையற ஓட்டையைக்கூட முள்ளு வச்சு அடைச்சிட்டீங்க. என் ஆடு என்ன பறந்தா வரும்?"

"உன் ஆடு பறந்தாலும் பறக்கும்."

"பறந்து வந்தா மட்டும் எறங்க விடுவீங்களா? அனுமதிச் சீட்டு கேப்பீங்களே!"

நெட்டையர் கோட்டின்மேல் விரலை ஓட்டினார். அது நட்டநடு வரைக்கும் போய், அங்கிருந்து அப்படியே திரும்பியிருந்தது.

"நடுவுல என்ன இருக்கு?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஒண்ணும் இல்லம்மா. சுத்தமா இருக்கு."

"புதையல் இருக்கும், மறைக்கிறாரு!" என்றது ஜன்னல்.

"இருந்தா உங்கிட்ட சொல்லுவேனாடா?" அவர் மீசையைத் தொட்டார். "அம்மா, என் காவலைத் தாண்டி ஒரு ஈ காக்கா உள்ள போயிருந்தா, இந்த மீசையை இங்கயே எடுத்துடறேன்."

மீசை நரைத்திருந்தாலும் கம்பீரமாக இருந்தது. மூன்று பேரும் தங்களுக்குள் கூடிக் கூடிப் பேசினார்கள். இப்படிப்பட்ட மனுஷன் பொய் சொல்லமாட்டார். தப்பு மேலேதான் இருக்க வேண்டும். நாலு நாடும் தங்கள் கருவிகளை அக்கக்காகக் கழற்றிப் பார்த்துவிட வேண்டியதுதான் என்று முடிவானது. நெட்டையர் அதை எழுதக்கூடத் தொடங்கிவிட்டார்.

காவல்காரர் நிமிர்ந்து நின்றார். 'பாத்தியாடா' என்கிற மாதிரி ஜன்னல் பக்கம் ஒரு பார்வை.

"கடைசியா ஒண்ணு, இதுல எழுதணும்," என்றார் அந்த அம்மா. "ஒருத்தரும் கால் வைக்கலைன்னு எப்படி இவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? ஆறு மாசத்துக்கு முந்தி நீங்க 'ஜாக்கிரதை'ன்னு போன்ல சொன்ன நாள்லேருந்து, தெனமும் விடிஞ்சதும் நட்டநடுவுக்குப் போயி, எவனாவது கால் வச்சிருக்கானான்னு பாத்துட்டுத்தானே வர்றேன்!"