அஞ்சாவது பெனால்டி

"நம்ம பசங்க அடிக்கப் போற அஞ்சு பெனால்டியும் உள்ளே போகுமா, போகாதான்னு நான் முன்கூட்டியே சொல்லிட்டா, சனிக்கிழமை கிள்ளானுக்கு வரீங்களா?" என்று அடுப்படியில் இருந்தபடியே கேட்டாள் எவலின்.

சோபாவில் கிடந்த திமோத்தி சிரித்தார். ஆறரை மணிப் பூசை முடிந்து வந்து சாய்ந்தவர், இன்னும் எழவில்லை. காலையில் பேட்மிண்டன், மத்தியானம் கோட்டுப் போட்ட நாலு பேரின் அலசல், இப்போது பெனால்டி வரை வந்துவிட்ட கால்பந்து இறுதியாட்டம். செந்தூல் ஃபிளாட்டில் அவருடைய ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் ஸ்போர்ட்ஸ் சேனலோடு போகும்.

"கோட்டுப் போட்ட எக்ஸ்பர்ட்டுக்கே தெரியல, நீ சொல்லிடுவியா? சரி, சொல்லிட்டா வரேன். ஒண்ணு தப்புனாலும் கிள்ளான் பேச்சையே எடுக்கக் கூடாது. ஓகே லா?"

கிள்ளானில் இருப்பது எவலினின் அண்ணன் கிரிகரி வீடு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அங்கே இதே மாதிரி ஓர் ஆட்டம் பெனால்டிக்குப் போன நேரம் பார்த்து, ஜெபமாலைக்கு நேரமாச்சு என்று கிரிகரி டிவியை அணைத்துவிட்டார். சாப்பிடாமல் எழுந்து வந்த திமோத்தி, அதற்குப் பிறகு மச்சான் வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை. சனிக்கிழமை கிரிகரியின் மகள் நடாலிக்கு நிச்சயதார்த்தம். அத்தையும் மாமாவும் வராமல் மோதிரம் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று அந்தப் பெண் போனில் அழுதிருந்தாள்.

எவலினுக்குத் தைரியம் வந்தது பக்கத்து வீட்டு லோகனால். லோகன் வீட்டில் ஏரியல் வைத்த பழைய டிவி. இவர்கள் வீட்டிலோ இன்டர்நெட் டிவி, எல்லாமே அரை நிமிஷம் லேட். லோகன் கத்தி முடித்த பிறகுதான் இங்கே பாயிண்ட் விழும். காலையில் பேட்மிண்டன் ஓடும்போதே அடுப்படி ஜன்னலோரம் அவள் இதைக் கண்டுபிடித்துவிட்டாள். ஏமாற்று வேலைதான். அண்ணன் மகளுக்காக ஒரு தடவை ஏமாற்றினால் என்ன குறைந்துவிடும்?

"கோல்" என்று பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டது.

"உள்ளே போகும்," என்றாள் எவலின். போனது.

இரண்டாவதும் போகும் என்றாள். அதுவும் போனது.

மூன்றாவதுக்கு லோகன், "அடச்சே" என்றான்.

"இவன் வெளியே அடிப்பான் பாருங்க."

பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. திமோத்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எப்படிடி சொல்ற?"

"மூஞ்சிய பார்த்தா தெரியாதா? முழிக்கிற முழியே சரியில்ல."

நான்காவதும் அவள் சொன்னபடியே உள்ளே போனது. ஐந்தாவதுக்குப் பக்கத்து வீட்டில் சத்தமே இல்லை. எவலின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினாள்.

"சீக்கிரம் சொல்லு, பந்தை வச்சிட்டான்," என்றார் திமோத்தி.

"இருங்க, யோசிக்கிறேன்."

"கோல்" என்று காதருகிலேயே கேட்டது.

"போகும்," என்று அவள் சொல்லி முடிக்கவும் பந்து வலைக்குள் விழுந்தது.

திமோத்தி ரிமோட்டைத் தூக்கிப் போட்டார். "போச்சு. என் மானமே போச்சு. சொன்ன சொல்லு மாற மாட்டேன், வந்து தொலைக்கிறேன். உங்க அண்ணன்கிட்ட சொல்லிடு."

எவலினுக்குக் கண் கலங்கிவிட்டது. போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் ஓடினாள்.

அவள் கதவைச் சாத்தியதும் திமோத்தி மெல்ல எழுந்து வாசலுக்குப் போனார். லோகன் தொண்டையைத் தடவிக்கொண்டு நின்றிருந்தான்.

"காலையிலேர்ந்து கத்தி தொண்டையே கட்டிப் போச்சுண்ணே. கடைசி கோலுக்கு நீங்க மெசேஜ் போட்ட மாதிரியே ஜன்னல் பக்கத்துல வந்து கத்துனேன். அக்காவுக்குக் கேட்டுச்சா?"

"நல்லாவே கேட்டுச்சுப்பா. காலையிலேர்ந்தே அவ ஜன்னலோரம்தான் காதை வச்சிட்டு நின்னா, நான் பார்த்தேனே," என்றார் திமோத்தி, குரலைத் தாழ்த்தி. "மூணு வருஷமா வீம்பு புடிச்சிட்டு, நானா எப்படிடா போய் நிப்பேன்?"